இப்னு சீனா: வலியை அடக்கும் மருந்தும் மூச்சை அடக்கும் அளவும்

வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளைகளின் பெட்டியைக் கட்டும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்காமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. மசாலாப் பொடி வைக்கலாம், ஊறுகாய் வைக்கலாம், கசகசா மட்டும் வைக்கக் கூடாது. குருமாவுக்கு அரைக்கும் அந்தச் சிறு விதையை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா போன்ற நாடுகள் தடை செய்திருக்கின்றன. அது அபின் செடியின் விதை என்பதே காரணம். விதையில் ஒட்டியிருக்கும் போதைப் பொருள் மிகச் சொற்பம்தான். அந்தச் செடியின் முற்றாத காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து பிசினாகும்போது கிடைப்பதே அபின்.

அந்தப் பிசின் கடும் வலியையும் அடக்கும். அளவு மீறினால் மூச்சையும் அடக்கிவிடும். இந்த இரண்டு குணங்களையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் மருத்துவ நூலில் பதிவு செய்தவர் இப்னு சீனா. அவருடைய கடைசிக் காலத்தில், அவர் உண்ட மருந்திலேயே அவருடைய பணியாளர்கள் அபினை அளவுக்கு மீறிக் கலந்தார்கள் என்பதையும் வரலாறு சொல்கிறது. அந்த மாமேதையின் வாழ்க்கையையும், அபின் மூச்சை எப்படிக் குறைக்கிறது என்று இன்றைய அறிவியல் கண்டறிந்ததையும் இங்கே சேர்த்துப் பார்ப்போம்.

புகாராவில் வளர்ந்த பிள்ளை

அபூ அலீ அல்-ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா, ஹிஜ்ரி 370-இல், அதாவது கி.பி. 980-இல் பிறந்தார். பிறந்த ஊர் புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா. இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. தந்தை அப்துல்லாஹ் பல்க் நகரைச் சேர்ந்தவர். ஸாமானிய அரசில் அதிகாரியாக இருந்தார். தாயார் பெயர் ஸிதாரா. பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் புகாராவுக்குக் குடிபெயர்ந்தது.

பத்து வயதுக்குள் குர்ஆனை மனனம் செய்துவிட்டார். இஸ்மாயீல் அஸ்-ஸாஹித் என்ற உஸ்தாதிடம் ஃபிக்ஹு கற்றார். இந்தியக் கணக்கு முறையைக் கற்றுக்கொள்ளத் தந்தை அவரை ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பினார். கடையில் உட்கார்ந்து எண்களைப் படித்த அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் மருந்தின் எடையில் அத்தனை கவனம் காட்டினார்.

ஒரு கேள்விக்கு விடை கிடைக்காதபோது பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, இறைவனிடம் உதவி கேட்பது அவர் வழக்கம். அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூல் ஒன்றை 40 முறை படித்தும் அவருக்குப் புரியவில்லை. புத்தகக் கடைத் தெருவில் ஒருவர் வற்புறுத்தியதால் 3 திர்ஹத்துக்கு ஒரு பழைய நூலை வாங்கினார். அது அல்-ஃபாராபி எழுதிய விளக்கம். அன்று இரவே எல்லாம் புரிந்துவிட்டது. மறுநாள் நன்றியாக ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தார்.

16 வயதிலேயே மற்ற மருத்துவர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள். ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது அரண்மனை மருத்துவர்களோடு இந்த இளைஞரும் அழைக்கப்பட்டார். நோய் குணமானதும், அரச நூலகத்தில் நுழைந்து படிக்க அனுமதி கேட்டுப் பெற்றார். அரிய நூல்கள் அறை அறையாக அடுக்கப்பட்டிருந்த அந்த நூலகமே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

ஓரிடத்தில் நிற்காத வாழ்வு

அவருடைய 22-ஆம் வயதில் தந்தை இறந்தார். ஸாமானிய அரசும் கவிழ்ந்தது. அன்று தொடங்கிய அலைச்சல் கடைசி வரை ஓயவில்லை. குர்கான்ஜ், நஸா, தூஸ் என்று ஊர் ஊராகச் சென்றார். காஸ்பியன் கடலோரம் இருந்த ஜுர்ஜானில் அபூ உபைத் அல்-ஜூஸ்ஜானீ அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். இப்னு சீனா தம் இளமைக் கதையைத் தாமே சொல்ல, அதற்குப் பிறகு நடந்ததை இந்த மாணவர் எழுதி வைத்தார். உஸ்தாதின் நோயையும், அவருக்கு நேர்ந்த துரோகத்தையும் நாம் அறிவது அந்த எழுத்தின் வழியாகத்தான்.

மருத்துவப் பெருநூலான அல்-கானூன் ஃபித் திப்பைத் தொடங்கியதும் ஜுர்ஜானில்தான். பிறகு ரய், அதன்பின் ஹமதான். ஹமதானின் ஆட்சியாளர் ஷம்ஸுத் தவ்லாவுக்குக் கடுமையான குடல் சூலை நோய். 40 நாட்கள் கூடவே இருந்து இப்னு சீனா அதைக் குணப்படுத்தினார். ஆட்சியாளர் அவரை வஸீராக, அதாவது அமைச்சராக ஆக்கினார். ஆனால் படைவீரர்கள் கலகம் செய்து அவர் வீட்டைச் சூறையாடினார்கள். அவரைக் கொல்லவும் கோரினார்கள். அவர் ஒரு நண்பர் வீட்டில் 40 நாட்கள் ஒளிந்திருந்தார். ஆட்சியாளருக்கு மீண்டும் சூலை வந்தது. ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் அமைச்சராக்கினார்கள்.

பகல் முழுவதும் அரசு வேலை, இரவில் பாடம். மாணவர்கள் கூடி ஒருவர் கானூனையும், மற்றொருவர் ஷிஃபா என்னும் அவருடைய மெய்யியல் நூலையும் முறை வைத்துப் படிப்பார்கள். ஷம்ஸுத் தவ்லா இறந்த பிறகு மீண்டும் தலைமறைவு. அப்போது அடைக்கலம் கொடுத்தவர் அபூ காலிப் என்ற மருந்துக் கடைக்காரர். நூல்கள் எதுவும் கையில் இல்லாமல், அந்த வீட்டில் நாளொன்றுக்கு 50 தாள் வீதம் ஷிஃபாவை எழுதினார். பின்னர் ஃபர்தஜான் கோட்டையில் 4 மாதம் சிறைவாசம். கடைசியில் ஸூஃபிகளின் உடையில் ஹமதானை விட்டுத் தப்பி, இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவிடம் சேர்ந்தார். அங்கேதான் சில ஆண்டுகள் நிம்மதி கிடைத்தது.

கானூனில் அபின்

கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17-ஆம் நூற்றாண்டு வரை பாடநூலாக இருந்தது.

முதல் பாகத்தில் வலியைத் தணிப்பது பற்றி ஒரு பகுதி உண்டு. வலிக்குக் காரணமானதை நீக்குவதே உண்மையான நிவாரணம் என்பது இப்னு சீனாவின் நிலைப்பாடு. உணர்வை மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் அதற்கு அடுத்தபடிதான். அப்படி மரக்கச் செய்பவற்றில் மிக வலிமையானது அபின் என்கிறார். அதைக் கொடுக்கும் முன் மருத்துவர் எடை போட்டுப் பார்க்க வேண்டும்: இந்த வலி நோயாளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகுமா, அல்லது மருந்தின் தீங்கு அதைவிடப் பெரிதா? எது சிறிய தீங்கோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அபினால் வலி குறையும், தூக்கம் வரும், இருமல் அடங்கும், வயிற்றுப்போக்கு நிற்கும் என்று கானூன் பட்டியலிடுகிறது. அறிவு மந்தமாகும், மூச்சுத் திணறும், அளவு மீறினால் அதுவே நஞ்சு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரே பிசின் இத்தனை வெவ்வேறு வேலைகளை எப்படிச் செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லேகியத்தில் கலந்த துரோகம்

அலாவுத் தவ்லாவுடன் ஒரு போர்ப் பயணத்தில் இருந்தபோது இப்னு சீனாவுக்கே குடல் சூலை வந்தது. ஆட்சியாளரிடம் குணப்படுத்திய அதே நோய். படை பின்வாங்க நேர்ந்தால் நோயோடு பயணம் செய்ய முடியாதே என்ற அச்சத்தில், ஒரே நாளில் 8 முறை எனிமா எடுத்துக்கொண்டார். விரைவாகக் குணமாக வேண்டும் என்ற அவசரம். குடலில் புண் உண்டாயிற்று. சூலையைத் தொடர்ந்து சில சமயம் வரும் வலிப்பும் அவரைப் பற்றியது.

எனிமாவில் 2 தானக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். உடனிருந்த மருத்துவர் 5 திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். 6 தானக் சேர்ந்தால் ஒரு திர்ஹம் என்பது அன்றைய கணக்கு. அப்படியென்றால் சொன்னதைப் போல 15 மடங்கு. குடல் புண் மேலும் மோசமானது. அது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்று, அந்த இடத்தில் இல்லாத ஜூஸ்ஜானீ தீர்ப்புச் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வலிப்புக்காக இப்னு சீனா மித்ரிதாத் எனப்படும் லேகியத்தை உண்டு வந்தார். பல சரக்குகள் சேர்ந்த அந்தப் பழைய மருந்தில் சிறிதளவு அபின் சேர்வது வழக்கம். அவருடைய அடிமைப் பணியாளர்கள் சிலர் அதில் அபினை மிக அதிகமாகக் கலந்து கொடுத்தார்கள். அவருடைய பெட்டியிலிருந்து பெரும் பணத்தைத் திருடியிருந்த அவர்கள், அவர் இறந்துவிட்டால் அகப்படாமல் தப்பலாம் என்று எண்ணினார்கள். நோயாளியின் மருந்து அதைக் கொடுப்பவரின் கையில் இருக்கும் அமானிதம். அந்த அமானிதத்தையே அவர்கள் ஆயுதமாக்கினார்கள்.

அபின் மூச்சை எப்படித் தொடுகிறது?

கொல்ல நினைத்தவர்கள் ஏன் அபினைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, மூச்சு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். இதயத்துக்குச் சொந்தமாக ஒரு தாளம் உண்டு, நுரையீரலுக்கு இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும், விலா எலும்புத் தசைகளும் மூளையிலிருந்து கட்டளை வந்தால்தான் அசையும். நாம் தூங்கினாலும் அந்தக் கட்டளை வந்துகொண்டே இருக்கிறது. அது பிறக்கும் இடம், மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டு.

1810-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் லெகாலுவா முயல்களில் ஆய்வு செய்து, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் ஒரு சிறு இடம் சிதைந்தால் மூச்சு நின்றுவிடும் என்று காட்டினார். 1991-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் ஆகியோரின் குழு, பிறந்த எலிக்குட்டிகளின் முகுளத்திலிருந்து மெல்லிய சீவல் எடுத்து ஆராய்ந்தது. உடலிலிருந்து பிரித்த பிறகும் அந்தச் சீவல் மூச்சுத் தாளத்தைத் தொடர்ந்து எழுப்பியது. தாளம் பிறந்த அந்தச் சிறு செல் கூட்டத்துக்கு ப்ரீ-பாட்சிங்கர் தொகுதி என்று பெயர். மூளைத்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. நம் ஒவ்வொரு மூச்சையும் தொடங்கி வைப்பது இதுதான்.

அபினில் உள்ள முக்கியப் பொருள் மார்ஃபின். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸெர்ட்யூர்னர் அதைப் பிரித்தெடுத்தார். 1973-இல், மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது நிரூபணமானது. மனித மூளையில் செடிச் சாறுக்கு ஏன் இடம்? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் விடை கிடைத்தது. நம் உடலே மார்ஃபின் போன்ற பொருட்களைச் சுரக்கிறது. அந்தப் பூட்டுகள் அவற்றுக்காக அமைந்தவை. அபின் அதே பூட்டில் நுழையும் வெளிச் சாவி.

இப்னு சீனாவின் பட்டியலுக்கு இங்கேதான் விளக்கம் இருக்கிறது. மியூ என்று பெயரிடப்பட்ட ஒரே வகை ஏற்பி, தண்டுவடத்தில் வலியைக் கடத்தும் செல்களிலும் உண்டு, குடலின் நரம்புகளிலும் உண்டு, மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் செல்களிலும் உண்டு. அதனால்தான் வலியும், வயிற்றுப்போக்கும், மூச்சும் ஒரே மருந்துக்கு அடங்குகின்றன.

மார்ஃபின் ஒட்டிக்கொண்டதும் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேற, செல் எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. பக்கத்துச் செல்லுக்கு அது அனுப்பும் செய்தியும் குறைகிறது. ப்ரீ-பாட்சிங்கர் தொகுதியில் ஒரு பகுதிச் செல்களில்தான் இந்த ஏற்பி இருக்கிறது. ஆனால் அவை தளர்ந்தாலே கூட்டுத் தாளம் குலைகிறது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீள்கிறது. 2020-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், இந்தத் தொகுதியிலும், சற்று மேலே பான்ஸ் பகுதியில் உள்ள இன்னொரு செல் கூட்டத்திலும் மியூ ஏற்பியை நீக்கியபோது, மார்ஃபினால் மூச்சு குறைவது பெருமளவு தணிந்தது.

ஆபத்து சத்தமில்லாமல் வருவதற்கும் காரணம் உண்டு. சாதாரணமாக இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு எச்சரித்து, நம்மை வேகமாக மூச்சு வாங்க வைக்கும். அபின் வகை மருந்து அந்த எச்சரிக்கையையும் மழுக்கிவிடுகிறது. தூக்கமும் கூடுகிறது, தொண்டைத் தசைகள் தளர்கின்றன. திணறிப் போராடி எழ வேண்டியவர், குறட்டை விட்டுத் தூங்குபவர் போலக் கிடப்பார். ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய், கடைசியில் இதயமும் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் நன்றாக உறங்குகிறார் என்றே நினைப்பார். ஹமதானுக்கும் இஸ்ஃபஹானுக்கும் இடையே அலைந்த அந்தத் திருடர்கள் இவற்றையெல்லாம் அறிந்திருக்கவில்லை. ஆனால் அபின் சத்தமில்லாமல் கொல்லும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி நாட்கள்

இப்னு சீனா அந்த அபினுக்குப் பலியாகவில்லை. இஸ்ஃபஹானுக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். எழுந்து நிற்கவும் முடியாத நிலையிலிருந்து தமக்குத் தாமே மருத்துவம் பார்த்து, ஆட்சியாளரின் அவைக்கு நடந்து போகும் அளவுக்குத் தேறினார். ஆனால் பழைய குடல் நோய் முழுமையாக விடவில்லை. வருவதும் போவதுமாக இருந்தது. அலாவுத் தவ்லாவுடன் ஹமதானுக்குப் புறப்பட்டபோது வழியிலேயே அது மீண்டும் தாக்கியது. ஊர் போய்ச் சேர்ந்ததும், உடலை ஆண்டு வந்த சக்தி ஓய்ந்துவிட்டது, இனி மருந்து பயன்படாது என்று உணர்ந்து சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதியபடி நாட்களைக் கழித்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 428-இல், கி.பி. 1037-இல் வஃபாத் ஆனார். ஹிஜ்ரிக் கணக்கில் வயது 58. அவருடைய அடக்கத்தலம் இன்றும் ஹமதானில் இருக்கிறது.

நம் வீடுகளில் அதே மருந்து

அபின் நமக்கு எட்டாத பழங்கதை என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் முற்றியவருக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் தரும் டிரமடால், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை என எல்லாம் அதே பூட்டில் நுழையும் சாவிகள்.

இதில் இரண்டு வகைத் தவறுகள் நம் குடும்பங்களில் நடக்கின்றன. முதலாவது, அளவற்ற பயம். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும், போதை வந்துவிடும், உயிர் போய்விடும் என்று அஞ்சி, துடிக்கும் தாய் தந்தையருக்கு அதைக் கொடுக்க மறுக்கிறோம். மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, நோயாளியைக் கவனித்துப் படிப்படியாகக் கூட்டும்போது பெரும்பாலும் மூச்சுக்குப் பாதிப்பில்லாமல் வலி அடங்குகிறது. மார்ஃபினை உலக சுகாதார அமைப்பு அத்தியாவசிய மருந்துகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இந்தியாவிலும் 2014-இல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, நோயாளிகளுக்கு அது கிடைப்பது எளிதாக்கப்பட்டது. தணிக்கக்கூடிய வலியைத் தணிக்காமல் விடுவதும் ஒரு தீங்கு என்பது கானூன் போடச் சொன்ன எடையில் ஒரு தட்டு.

இரண்டாவது, அளவற்ற அலட்சியம். வாப்பாவுக்கு எழுதிய மாத்திரையை மூட்டு வலி என்று இன்னொருவர் விழுங்குவது, வலி அடங்கவில்லை என்று தாமாகவே இரட்டிப்பாக எடுப்பது, தூக்க மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைப்பது. சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவதும் ஆபத்து. உடல் பழகியிருந்த தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். மூளைத்தண்டில் உள்ள செல்களுக்கு யாருடைய நோக்கமும் தெரியாது. வந்து சேரும் அளவு மட்டுமே தெரியும்.

இந்த மருந்து எடுத்தவரை எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலமாகிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றிருந்தால், தெரிந்தவர்கள் செயற்கை மூச்சு கொடுக்கத் தொடங்குங்கள். மருத்துவமனையில் நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. மார்ஃபினைத் தள்ளிவிட்டு அதே ஏற்பியில் அது அமர்ந்துகொள்வதால், சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அதன் வேலை பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மருந்தின் பிடி அதற்கு மேலும் நீடிக்கலாம். எனவே கண் விழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

இப்னு சீனாவின் கடைசிக் கால வரலாற்றில் மூன்று அளவுகள் பிழைத்தன. அவசரத்தில் அவரே கூட்டிக்கொண்டது ஒன்று. மருத்துவர் கை தவறியோ தவறாமலோ கூட்டியது ஒன்று. பணியாளர்கள் பணத்துக்காகக் கூட்டியது ஒன்று. உலகுக்கே மருந்தின் அளவைக் கற்றுக்கொடுத்தவரையும் இவை விட்டுவைக்கவில்லை. இன்று நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, அதில் இந்த வகை மாத்திரை மீதம் இருக்கிறதா, யாருக்காக எழுதியது, எவ்வளவு பாக்கி என்று எண்ணிப் பார்ப்போம். தேவையில்லாததை மருந்துக் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேட்டு முறையாக அகற்றுவோம். தேவைப்படும் நோயாளிக்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், பயமில்லாமல் கொடுப்போம்.